பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே மலையில் ஓடுவது

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெருங்குடியில் வசிக்கிறீர்கள், வயது 48. 12 ஆண்டுகளுக்கு முன்பு ஜவ்வாது மலையில் 50 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம் ஒன்றை முடித்திருக்கிறீர்கள். அதன்பின் வேலை, பிள்ளைகள், அப்பாவின் உடல்நிலை என்று ஓட்டம் நின்றுபோனது. கடந்த ஓராண்டாக வாரத்தில் மூன்று நாள் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடுகிறீர்கள். வரும் ஜனவரியில் அதே மலையில் மறுபடியும் ஓட வேண்டும் என்று ஆசை. ஆறு மாதம் போதுமா, பழைய நேரத்தை எட்ட முடியுமா என்று கேட்கிறீர்கள்.

ஆறு மாதம் போதும். பழைய நேரத்தை மட்டும் இன்றே மறந்துவிடுங்கள். உங்களால் முடியாது என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. அந்த எண் தலைக்குள் இருக்கும்வரை பயிற்சியில் தவறான இடத்தில் அவசரப்படுவீர்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருபவர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மூச்சு போதாமல் நின்றவர்கள் அவர்களில் மிகக் குறைவு. பெரும்பாலோர் நின்றது குதிகாலிலும் முழங்காலிலும்தான்.

இதற்குத் தெளிவான காரணம் உண்டு. பயிற்சியை மீண்டும் தொடங்கினால் முதலில் திரும்பி வருவது இதயமும் மூச்சும். சில வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு அதிகமாகிறது. தசையும் ஓரளவு விரைவாக மீள்கிறது. உழைத்து வளர்ந்த தசை இழை பிறகு சுருங்கினாலும், அது சேர்த்துக்கொண்ட உட்கருக்கள் அப்படியே தங்கிவிடுகின்றன என்று 2010-இல் நார்வேயில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. பழைய ஓட்டக்காரருக்குப் பலம் சீக்கிரம் திரும்புவதற்கு இதை ஒரு விளக்கமாகச் சொல்கிறார்கள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களின் கதை வேறு. அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு; பாரத்துக்குப் பழகி இறுக அவை மாதக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்கின்றன. ஆக, இரண்டாவது மாத முடிவில் உங்கள் மூச்சு 20 கிலோமீட்டர் ஓடத் தயார் என்று சொல்லும். குதிகால் நாண் 12 கிலோமீட்டருக்கு மேல் தயாராக இருக்காது. முன்பு ஒருமுறை ஓடியவருக்கே இந்த ஆபத்து அதிகம். புதிதாக வருபவர் மூச்சு வாங்கி நின்றுவிடுவார். உங்கள் உடலுக்கோ வேகம் எப்படி இருக்கும் என்பது ஞாபகம் இருக்கிறது.

வயதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 30 வயதுக்குப் பிறகு உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. விடாமல் பயிற்சி செய்பவர்களுக்கு அதில் பாதி அளவே குறைகிறது. கனடாவின் எட் விட்லாக் 2004-இல், தம் 73-ஆம் வயதில், மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 வினாடியில் ஓடினார். கலிபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் மலைப்பாதை ஓட்டத்தில் 2015-இல் 70 வயது கன்ஹில்ட் ஸ்வான்சன் 29 மணி 59 நிமிடம் 54 வினாடியில் முடித்தார். அங்கே கெடு 30 மணி நேரம். அந்தக் கடைசிச் சுற்றின் காணொளியை இப்போது பார்த்தாலும் எனக்குக் கண் நிறைந்துவிடும். 48 வயது மலையில் ஓடுவதற்கு நல்ல வயது.

ஒன்றை மட்டும் முதலில் முடித்துவிடுங்கள். பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதை 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். குடும்பத்தில் இதய நோய் இருந்தாலோ, ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல் ஏதாவது இருந்தாலோ, டிரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். அப்பாவின் உடல்நிலை என்று எழுதியிருக்கிறீர்கள். அது இதயம் சார்ந்ததாக இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்னைக்காரர் மலை ஓட்டத்துக்குத் தயாராவதில் பெரிய சிக்கல் ஊரின் தட்டைத்தன்மை. எல்லோரும் ஏற்றத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். நான் கவலைப்படுவது இறக்கத்தை நினைத்து. ஏற்றத்தில் நடந்துவிடலாம். சரிவு 15 டிகிரியைத் தாண்டினால், நம் வேகத்துக்கு நடப்பதே சிக்கனமும்கூட. கைகளைத் தொடையில் ஊன்றி, குறுகிய அடிகளாக வைத்து ஏறுவதில் எந்த இழுக்கும் இல்லை. இறக்கத்தில் தப்பிக்க வழியில்லை. ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கித் தடுக்க வேண்டும். தசையை மிக அதிகமாகச் சேதப்படுத்தும் வேலை அது. முதல் 20 கிலோமீட்டரில் உற்சாகமாக இறங்கி ஓடியவர்கள் 35-ஆவது கிலோமீட்டரில், மூச்சு நன்றாக இருந்தும், சின்னச் சரிவில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

நல்ல செய்தி என்னவென்றால், இறக்கத்துக்கு உடல் வேகமாகப் பழகுகிறது. ஒருமுறை நன்றாக இறங்கி, இரண்டு மூன்று நாள் தொடை வலித்து ஆறிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அந்த அளவு வலியைத் தருவதில்லை. இந்தப் பாதுகாப்பை மாதம் இருமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தால் போதும்.

அதற்குச் சென்னையில் எளிய வழி அடுக்குமாடிக் குடியிருப்பு. பெருங்குடி, பெரும்பாக்கம் பக்கம் உயரமான கட்டடங்களுக்குக் குறைவில்லை. உங்கள் குடியிருப்போ நண்பருடையதோ பத்து மாடி இருந்தால் போதும். லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குங்கள். ஆம், நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்: ஏறுவதற்கு லிஃப்ட், இறங்குவதற்குப் படி. ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் பத்து மாடி இறங்குவது 30 மீட்டர். இருபது முறை இறங்கினால் 600 மீட்டர் இறக்கம் கிடைத்துவிடும். அதைத் தர இந்த ஊரில் வேறு எதுவும் இல்லை. தொடக்கத்தில் ஐந்து முறை போதும். கைப்பிடியைத் தொடாமல், ஆனால் தொடும் தூரத்தில் கையை வைத்துக்கொண்டு இறங்குங்கள். காலடி ஓசையைக் கவனியுங்கள். தடதடவென்று கேட்டால் முழங்கால் விறைப்பாக இருக்கிறது என்று பொருள். ஓசை அடங்கி வரும்போது தொடை வேலை செய்கிறது. பெரும்பாலான கட்டடங்களில் படிக்கட்டு எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்பும். அதனால் ஒரு காலுக்கே முறுக்கு விழாதபடி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பி அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தண்ணீர் நிற்கும் நாட்களுக்கும் இதுவே கைகொடுக்கும்.

ஏறுவதையும் விட்டுவிட வேண்டியதில்லை. பரங்கிமலை சுமார் 300 அடி உயரம். விடியற்காலையில் சாலை வழியாக ஏறி இறங்கலாம். அது வழிபாட்டுத் தலம் என்பதை நினைவில் வைத்து, கூட்டமாகப் போய்ச் சத்தம் போடாமல் இருந்தால் போதும். கத்திப்பாரா மேம்பாலத்தை ஏற்றப் பயிற்சி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். காலை நேரத்திலும் அங்கே பாயும் லாரிகளை நினைத்தால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை வரை உள்ள கடற்கரை மணல் உங்களுக்கு அருகில் இருக்கிறது. தளர்ந்த மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிடச் சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகும், கணுக்காலும் பலப்படும். ஆனால் குதிகால் மணலில் புதைவதால் அந்த நாண் கூடுதலாக இழுபடுகிறது. முதல் இரண்டு மாதம் மணலில் நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலையோரத்து ஈர மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். போன தூரமே திரும்பி வந்தால்தான் இரண்டு காலுக்கும் சமமாக இருக்கும்.

மாதம் ஒருமுறையாவது உண்மையான மலைக்குப் போங்கள். என் தேர்வு ஏலகிரி. சென்னையிலிருந்து ரயிலில் ஜோலார்பேட்டையில் இறங்கினால் அடிவாரம் பக்கம். 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலை. வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் வள்ளல்களின் பெயர்களும் வைத்திருக்கிறார்கள். பாரியையும் ஓரியையும் கடந்து இறங்கி வருவதில் எனக்கு இன்றும் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. ஜவ்வாது மலையும் பக்கத்திலேயே இருப்பதால் வெயிலும் காற்றும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே பஸ்ஸில் ஏறி, கால்நடையாக இறங்குங்கள். வாகனங்கள் வரும் சாலை என்பதால் விடிந்தபின் தொடங்கி, எதிரே வருபவர் கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக இறங்குவது நல்லது.

வீட்டில் செய்ய இரண்டே பயிற்சிகள். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி, மூன்று வினாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். தொடர்ந்து 25 முறை செய்ய முடிகிறவரை நீண்ட ஓட்டத்தைக் கூட்டாதீர்கள். அடுத்து, ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதி கீழ்ப்படியை லேசாகத் தொடும்வரை இறங்கி எழுங்கள். கண்ணாடி முன் செய்தால் முழங்கால் உள்பக்கம் சரிகிறதா என்பது தெரியும். சரிந்தால் இடுப்புத் தசை பலவீனமாக இருக்கிறது. 35-ஆவது கிலோமீட்டரில் முழங்கால் சிப்பி வலிப்பது அங்கே தொடங்குகிறது.

வாராந்திரத் தூரத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நான்காவது வாரம் குறையுங்கள். டிசம்பர் நடுவில் ஆறு மணி நேரம் காலில் நிற்கும் ஒரு நாள் வர வேண்டும். அதில் பாதி நடையாக இருந்தாலும் சரி. சனிக்கிழமை நீண்ட தூரம், ஞாயிறு களைத்த காலோடு ஒன்றரை மணி நேரம் என்று அடுத்தடுத்து வைப்பது, ஒரே நாளில் 40 கிலோமீட்டர் ஓடுவதைவிடப் பாதுகாப்பானது.

வெயில் உங்களுக்கு நண்பன். வெப்பத்தில் 10 முதல் 14 நாள் பயிற்சி செய்தாலே உடல் அதற்குப் பழகத் தொடங்கிவிடும். சென்னைக்காரருக்கு அது ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. இங்கே வியர்வை உலராமல் வழிந்தோடும் புழுக்கத்தில் ஓடிய உடல், ஆயிரம் மீட்டர் உயரத்து ஜனவரிக் காலையில் இறகு போல இருக்கும். அதனாலேயே முதல் பத்து கிலோமீட்டரில் பலரும் அளவுக்கு மீறி ஓடிவிடுகிறார்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தண்ணீர்க் கணக்கை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள். அத்தனையையும் குடித்து நிரப்ப வேண்டும் என்பதில்லை. தாகத்துக்கு மீறி வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் அளவு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியில் வருபவர்களுக்குத்தான் அது அதிகம் நேர்கிறது. சாப்பாடு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கும் கடலைமிட்டாயும். மதியம் ஏறும்போது இனிப்பு திகட்டிவிடும், அப்போது நீர்மோர் அமுதம். எதுவானாலும் பயிற்சியிலேயே தின்று வயிற்றைப் பழக்குங்கள்.

இரண்டு பொருள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, பரணில் வைத்திருக்கும் உங்கள் பழைய காலணி. அன்றைக்கு ஓடியதையே போட்டுக்கொண்டு ஓட வேண்டும் என்று தோன்றும், தயவுசெய்து வேண்டாம். கட்டைவிரலால் அடிப்பாகத்தின் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வர வேண்டிய நுரை கல்லாகிப் போயிருக்கும். சிலவகை நுரை சென்னையின் ஈரக்காற்றில் வேதிமாற்றம் அடைந்து விரல் பட்டதும் மாவாக உதிரும். முன்விளிம்பை லேசாக வளைத்தால் பசை விட்டு அடி வாய் பிளக்கும். வீட்டில் பார்த்தால் நன்றாகவே இருக்கும் காலணி, ஈரப்பாறையில் 15-ஆவது கிலோமீட்டரில் இரண்டாகப் பிரியும். புதிதாக வாங்கும்போது மாலை நேரத்தில் போய் அளவு பாருங்கள். வயதோடு பாதம் சற்று அகன்றிருக்கும். பழைய எண் பொருந்தாமல் போகலாம். இறக்கத்தில் விரல் முன்னே இடிக்காதபடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது மூக்குக்கண்ணாடி. 36 வயதில் உங்களுக்கு அது இருந்திருக்காது. இப்போது படிப்பதற்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதன் கீழ்ப்பகுதி புத்தகம் படிக்கும் தூரத்துக்கானது. இறக்கத்தில் கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தால் கல்லும் வேரும் கலங்கித் தெரியும். ஓடுவதற்கென்று தூரப்பார்வைக்கு மட்டுமான ஒரு கண்ணாடியைச் செய்துகொள்ளுங்கள். வயதாக ஆக இருட்டில் கண்ணின் பாவை முன்போல விரிவதில்லை என்பதால் தலைவிளக்கும் அன்றையதைவிடப் பிரகாசமாக வேண்டும். காவலூரில் வானாய்வு மையம் அமைந்ததற்குக் காரணமான இருட்டு அந்த மலையில் இருக்கிறது. விடியலுக்கு முன் தொடங்கும் ஓட்டத்தில் அது உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்தது பாதை. நீங்கள் ஓடிய வழி இன்றும் அப்படியே இருக்கும் என்று எண்ணாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதன்பின் அந்த ஆண்டே தமிழக அரசு காட்டுப்பகுதி மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. இன்று வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பணம் கட்டுவதற்கு முன் அனுமதி எழுத்தில் இருக்கிறதா, ஆம்புலன்ஸ் எந்த இடத்தில் நிற்கும், கைப்பேசி சிக்னல் இல்லாத பகுதியில் தகவல் எப்படிப் போகும் என்று ஏற்பாட்டாளர்களைக் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாதவர்களின் ஓட்டத்தில் நான் என் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன். ஜமுனாமரத்தூரைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் வயல் வரப்பிலும் வீட்டு வாசலிலும்தான் நாம் ஓடுகிறோம். சாமைக் கதிர் அறுத்துக் காயும் களத்தை மிதிக்காமல் சுற்றிப் போங்கள், ஒரு மிட்டாய் உறையைக்கூடப் போட்டுவிட்டு வராதீர்கள்.

புதிய பாதைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிடப் பன்னாட்டு மலைப்பாதை ஓட்டச் சங்கம் ஓர் எளிய முறை வைத்திருக்கிறது: மொத்த ஏற்றத்தின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒரு கிலோமீட்டரைத் தூரத்தோடு கூட்ட வேண்டும். 50 கிலோமீட்டரில் 1,500 மீட்டர் ஏற்றம் என்றால் 65 கிலோமீட்டர் உழைப்பு. பயிற்சியில் நீங்கள் ஆறு மணி நேரம் தாங்கும் வேகத்தை இதில் போட்டுப் பாருங்கள். வரும் விடை கெடு நேரத்துக்கு ஒரு மணி நேரமாவது முன்னதாக இருந்தால் 50-க்குப் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு குறைந்த தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மலை, அதே காற்று, அதே மக்கள். முழங்காலோடு திரும்பி வந்தால் அடுத்த ஜனவரி இருக்கிறது.

இரண்டு வலிகளை மட்டும் பிரித்தறியப் பழகுங்கள். இரு தொடையிலும் சமமாக, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடுவது பயிற்சியின் வலி, ஓடலாம். ஒரே இடத்தில், விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் பத்து அடியில் குதிகாலில் பிடித்து இழுக்கும் வலி இவை இரண்டும் எச்சரிக்கை. அன்றே தூரத்தைப் பாதியாக்குங்கள். ஒரு வாரம் தள்ளிப்போவதால் ஆறு மாதப் பயிற்சியில் எதுவும் கெட்டுவிடாது.

ஓட்டம் முடிந்த அன்று நீங்களே கார் ஓட்டிக்கொண்டு சென்னைக்குத் திரும்ப வேண்டாம். விடியலுக்கு முன் எழுந்த தூக்கக் கலக்கமும், பிரேக்கை அழுத்த மறுக்கும் தொடையும் நெடுஞ்சாலையில் சேரக் கூடாதவை. ஓட்டுநர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், அல்லது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலுக்கு முன்பதிவு தொடங்கியதுமே டிக்கெட் எடுத்துவிடுங்கள். பொங்கலை ஒட்டிய வாரமாக இருந்தால் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். கீழ்ப்படுக்கையாகக் கேட்டு வாங்குங்கள்.